ரகசியம் காக்கும் முறை: களத்தில் இறங்கும் சமூகப் பணியாளருக்கு முழுமையான வழிகாட்டி

சமூகப் பணி படித்துவிட்டு முதல் வேலையில் சேருகிறவர்களுக்கு, பயனாளியின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்பது தெரியாமல் இல்லை. தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். களத்தில் அவர்கள் தடுமாறுவது வரிசையில். முதலில் எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறார்கள், கேட்ட பிறகுதான் இதை யாரிடமாவது சொல்ல வேண்டி வருமோ என்று யோசிக்கிறார்கள். அதற்குள் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

அந்த வாக்கைக் கொடுக்கும் உரிமை நமக்கு முழுதாக இல்லை. கட்சிக்காரர் சொன்னதை வெளியிடாமல் இருக்க வழக்கறிஞருக்குச் சாட்சியச் சட்டம் தரும் பாதுகாப்பு சமூகப் பணியாளருக்குக் கிடையாது. நீதிமன்றம் உத்தரவிட்டால் நம் கேஸ் ஃபைலைக் கொடுத்தாக வேண்டும். சில குற்றங்களைக் கேள்விப்பட்டால் காவல் துறைக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். ஆகவே எதைக் காக்க முடியும், எதைக் காக்க முடியாது என்பதைப் பயனாளி வாய் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இதிலிருந்தே வருகின்றன. தமிழ்நாட்டில் தொண்டு நிறுவனங்களிலும் மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் பயனாளிகளை நேரில் சந்திக்கிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. களத்துக்குப் போகும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், உங்கள் நிறுவனத்தின் குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை. அதன் பிரதியைக் கேட்டு வாங்கி, புகார் வந்தால் யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்ற பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள். கொள்கையே இல்லை என்றால் சூப்பர்வைசரிடம் எழுத்தில் கேளுங்கள். சிக்கல் வந்த நாளில் கேட்டால் பதில் வராது.

இரண்டாவது, ஒரு தொலைபேசிப் பட்டியல். நீங்கள் வேலை செய்யும் வட்டாரத்தின் அனைத்து மகளிர் காவல் நிலையம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகள் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு, மாவட்ட சமூக நல அலுவலகம், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒன் ஸ்டாப் சென்டர், அரசு மருத்துவமனை. கூடவே குழந்தைகளுக்கான 1098, பெண்களுக்கான 181, மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416. நிலைய எண்களை நீங்களே ஒருமுறை அழைத்துச் சரிபாருங்கள். பழைய எண்ணை நம்பி இரவு எட்டு மணிக்கு அல்லாடுவது பயனாளியின் நேரத்தைத்தான் தின்னும்.

மூன்றாவது, சூப்பர்வைசர் ஃபோனை எடுக்காவிட்டால் அடுத்து யார் என்ற பெயர். புதியவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்காமல் கிளம்பிவிடுகிறார்கள்.

நான்காவது, தமிழில் உள்ள ஒப்புதல் படிவம். ஆங்கிலப் படிவத்தில் வாங்கிய கையெழுத்து, அவர் எதற்குச் சம்மதித்தார் என்பதைக் காட்டாது.

2. முதல் சந்திப்பு: எல்லையைச் சொன்ன பிறகே கேள்வி

பெயர், ஊர், நீங்கள் எந்த நிறுவனம் என்பதைச் சொன்ன கையோடு எல்லையைச் சொல்லுங்கள். பெரியவர்களிடம் இப்படிச் சொல்லலாம்:

"அம்மா, நீங்க சொல்றதை வெளியில யார்கிட்டயும் பேச மாட்டேன். எங்க ஆபீஸ்ல என் மேலதிகாரி ஒருத்தர் மட்டும் ஃபைலைப் பார்ப்பாங்க. ஆனா மூணு விஷயத்துல நான் சும்மா இருக்க முடியாது. ஒரு குழந்தைக்குக் கொடுமை நடந்தா, உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா, கோர்ட்டு கேட்டா. அப்பவும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்யப் பார்ப்பேன்."

இதை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டாம். சொல்லி முடித்ததும், "நான் சொன்னது எப்படிப் புரிஞ்சுது, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேளுங்கள். "சரிங்க" என்று தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மனு கொடுத்துப் பழகியவர்கள் அதிகாரி மாதிரித் தெரிகிற யாருக்கும் தலையாட்டுவார்கள்.

எல்லையைச் சொன்னால் பயனாளி பேசாமல் போய்விடுவார் என்று புதியவர்கள் பயப்படுகிறார்கள். சிலர் அன்று பேசாமல் போவது உண்மைதான். எதைச் சொல்வது, எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்கும் உரிமை அவருடையது, அதைப் பயன்படுத்தியிருக்கிறார். கேட்டு வாங்கிக்கொண்ட பிறகு வாக்கை மீறினால் அவர் இனி எந்தப் பணியாளரையும் நம்ப மாட்டார், அவர் தெருவும் நம்பாது.

3. இடமும் ஃபோனும்

வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் நிறுவனத்தின் பெயர் எழுதிய வண்டியை வாசலில் நிறுத்தாதீர்கள். எச்ஐவி, குடிநோய், மனநலம் போன்ற திட்டங்களின் பெயர் ஒட்டிய வண்டி நின்றால் தெருவுக்கே தகவல் போய்விடும். பக்கத்து வீட்டுக்காரர் "எந்த ஆபீஸு?" என்று கேட்டால் என்ன சொல்வது என்பதைப் பயனாளியிடமே முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பொய் சொல்ல வேண்டியதில்லை. "அவங்களைப் பார்க்க வந்தேன்" என்பதே போதும்.

ஃபோனைப் பொறுத்தவரை மூன்று கேள்விகள்: எந்த எண், எந்த நேரம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் விவரம் அனுப்பாதீர்கள். பல வீடுகளில் ஒரே ஃபோனைக் கணவரும் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். பேருந்திலும் ஷேர் ஆட்டோவிலும் கேஸ் பற்றிப் பேசுவதை அடியோடு விட்டுவிடுங்கள். பெயர் சொல்லாவிட்டாலும் "அந்த ரேஷன் கடை பக்கத்து வீட்டு அம்மா" என்றால் உள்ளூர்க்காரருக்குப் போதும்.

4. ஒப்புதல்: ஒவ்வொரு காரியத்துக்கும் தனியாக

ஒரே கையெழுத்தில் எல்லாவற்றுக்கும் சம்மதம் வாங்குவதுதான் அதிகம் பார்க்கும் தவறு. ஆலோசனை பெறச் சம்மதித்தவர் தன் புகைப்படம் ஆண்டறிக்கையில் வருவதற்குச் சம்மதிக்கவில்லை. வேறு நிறுவனத்துக்கு அனுப்புவது, மருத்துவமனையில் விவரம் கேட்பது, புகைப்படம் எடுப்பது, பயிற்சியில் எடுத்துக்காட்டாகச் சொல்வது ஆகிய ஒவ்வொன்றும் தனி வரி, தனிக் கையெழுத்து. அப்படிப் பிரித்தால்தான் ஒன்றை மறுத்து மற்றொன்றுக்குச் சம்மதிக்க அவருக்கு வழி இருக்கும்.

மறுத்தாலும் உதவி நிற்காது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தையல் இயந்திரமோ கல்வி உதவித்தொகையோ கொடுக்கும் நாளில் புகைப்படத்துக்குச் சம்மதம் கேட்டால் அது சம்மதம் ஆகாது. பொருளைக் கொடுத்து முடித்து, வேறொரு நாளில் கேளுங்கள்.

கைநாட்டு வைப்பவருக்குப் படிவத்தை முழுதாகப் படித்துக் காட்ட வேண்டும். சாட்சியை அவரே தேர்ந்தெடுக்கட்டும், மாமியாரையோ மைத்துனரையோ நீங்களாகக் கூப்பிடாதீர்கள். எச்ஐவி நிலையை வெளியிட, விளக்கிச் சொல்லிப் பெற்ற எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. நல்லெண்ணத்தோடு பஞ்சாயத்துத் தலைவரிடம் உதவி கேட்டு "இந்த நோய் இருக்கு, பாவம்" என்று சொல்லிவிடுவதும் இந்தப் பிரிவை மீறுவதுதான்.

5. குழந்தை பாலியல் கொடுமையைச் சொன்னால்

இந்தப் படியைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். வரிசை தவறினால் குழந்தைக்கு இரண்டாவது முறை காயம் படுவது இங்கேதான்.

பள்ளியில் ஒரு கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு எட்டாம் வகுப்பு மாணவி நின்றுகொண்டிருப்பாள். பையின் பட்டையை முறுக்கிக்கொண்டே, "அக்கா, ஒண்ணு சொல்லணும். ஆனா யார்கிட்டயும் சொல்லக் கூடாது, சத்தியம் பண்ணுங்க" என்பாள். புதியவர் மனம் இளகி சத்தியம் செய்துவிடுவார். செய்யாதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்:

"நீ சொல்ல வந்ததே நல்லது கண்ணு. உன்னைப் பத்தி ஊர்ல யார்கிட்டயும் பேச மாட்டேன். ஆனா உன்னை யாராவது கஷ்டப்படுத்தினா, அதை நிறுத்துறவங்ககிட்ட நான் சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்றேன்னு உனக்கு முதல்ல சொல்லிடுவேன். இப்ப சொல்றியா, இல்ல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு சொல்றியா?"

அவள் சொன்னால், செய்ய வேண்டியவற்றின் வரிசை இது.

அ. கேளுங்கள், விசாரிக்காதீர்கள். "என்ன நடந்துச்சு?" "அப்புறம்?" என்ற அளவில் நிறுத்துங்கள். "மாமா இங்க தொட்டாரா?" என்று நீங்களாகப் பெயரையும் செயலையும் எடுத்துக் கொடுத்தால், நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள் என்று வழக்கில் எதிர்த் தரப்பு சொல்லும். திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். தலைமையாசிரியரிடம் ஒருமுறை, சூப்பர்வைசரிடம் ஒருமுறை என்று குழந்தையை வரிசையாக நிறுத்துவதும் கூடாது.

ஆ. இப்போது பாதுகாப்பாக இருக்கிறாளா என்று பாருங்கள். கொடுமை செய்தவர் வீட்டிலேயே இருந்தால் அன்று மாலை அவளை வெறுமனே வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. காயம், ரத்தப்போக்கு, கருவுற்றிருக்கும் சந்தேகம் இருந்தால் மருத்துவமனைதான் முதலில். எஃப்ஐஆர் இல்லை என்பதற்காக அவசரச் சிகிச்சையை எந்த மருத்துவமனையும், அரசோ தனியாரோ, மறுக்கக் கூடாது. சிறுமியைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும் என்று, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. அண்மையில் நடந்தது என்றால் அப்போது உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகித உறையில் வைக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெடும்.

இ. காவல் துறைக்குத் தெரிவியுங்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, 18 வயதுக்கு உட்பட்ட குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஒரு வருடம் வரை.

புதியவர்கள் இரண்டு இடங்களில் ஏமாறுகிறார்கள். ஒன்று, சூப்பர்வைசரிடம் சொன்னதோடு கடமை முடிந்தது என்று நினைப்பது. சட்டம் கடமையை நிறுவனத்தின் மேல் மட்டும் வைக்கவில்லை, தெரிந்த ஒவ்வொருவர் மேலும் வைத்திருக்கிறது. இரண்டு, 1098க்கு அழைத்ததே போதும் என்று நினைப்பது. அது உதவிக்கு ஆள் வரவழைக்கும் நல்ல வழிதான், ஆனால் 19ஆம் பிரிவு சொல்வது காவல் துறையை. நீங்கள் சொன்ன தகவல் எழுத்தில் பதிவாகி, எண் கொடுக்கப்பட்டு, உங்களுக்குப் படித்துக் காட்டப்பட வேண்டும். எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். நல்லெண்ணத்தில் கொடுத்த தகவலுக்காக உங்கள் மேல் வழக்குப் போட முடியாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

குடும்பம் வேண்டாம் என்று அழுதால்? "பொண்ணு பேரு கெட்டுப்போகும், எங்களை விட்டுடுங்க" என்று அம்மா காலைப் பிடிக்கும்போது யாருக்கும் மனம் ஆடும். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், நேரம் கொடுங்கள், ஆனால் தகவல் கொடுப்பதைப் பேரத்துக்கு விடாதீர்கள். பெயரை வெளியிட்டால் தண்டனை உண்டு என்பதையும், வழக்கு மூடிய அறையில் நடக்கும் என்பதையும் சொல்லுங்கள். அவர்களின் பயத்தில் பாதி அந்த இரண்டையும் பற்றியதுதான்.

ஈ. அடுத்து நடப்பதைக் குழந்தைக்குச் சொல்லுங்கள். வாக்குமூலம் வாங்க அவள் நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்க வேண்டும், சீருடையில் வரக் கூடாது, இரவில் நிலையத்தில் வைக்கக் கூடாது. இவை 24ஆம் பிரிவில் உள்ளவை. "போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வாங்க" என்று யாராவது சொன்னால் பிரிவு எண்ணைச் சொல்லிப் பணிவாக மறுங்கள்.

உ. குழந்தைகள் நலக் குழு. காவல் துறை 24 மணி நேரத்துக்குள் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். குற்றம் செய்தவர் அதே வீட்டில் இருந்தால் குழந்தையை அங்கிருந்து மாற்ற வேண்டுமா என்று குழு மூன்று நாளுக்குள் தீர்மானிக்கும். விசாரணையிலும் வழக்கிலும் கூடவே இருக்க ஆதரவு நபர் ஒருவரையும் குழு அமர்த்தும். குழுவுக்குத் தகவல் போனதா என்று மறுநாள் நீங்களே கேட்டு உறுதிசெய்யுங்கள்.

ஒரு கடினமான இடமும் இருக்கிறது. 17 வயதுப் பெண், தன்னைவிட ஓரிரு வயது மூத்த பையனை விரும்பிப் பழகிக் கருவுற்று வருகிறாள். 18 வயதுக்குக் கீழே சம்மதத்தைச் சட்டம் ஏற்பதில்லை, எனவே தகவல் கொடுக்கும் கடமை இங்கேயும் பொருந்தும். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தளர்வு கொடுத்தது: கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் காவல் துறைக்குக் கொடுக்கும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை. அது மருத்துவருக்குச் சொன்னது. நமக்கும் பொருந்தும் என்று நாமாக எடுத்துக்கொள்ள முடியாது. இந்த நிலையில் சட்டம் குழந்தைக்கு எப்போதும் நன்மையே செய்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் தனியாக முடிவெடுத்து மறைக்காதீர்கள். சூப்பர்வைசர், வழக்கறிஞர், மருத்துவர் மூவரையும் அன்றைக்கே கூட்டிப் பேசுங்கள், பேசியதை எழுதி வையுங்கள்.

6. பெரியவர்கள் சொன்னால் வழி வேறு

குழந்தை விஷயத்தில் கற்ற வேகத்தை எல்லா இடத்திலும் காட்டுவது அடுத்த தவறு. கணவர் அடிக்கிறார் என்று ஒரு பெண் சொன்னவுடன் காவல் நிலையத்துக்கு ஓடக் கூடாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி, சேவை நிறுவனம் சம்பவ அறிக்கை எழுதுவது அந்தப் பெண் விரும்பினால்தான். எப்போது வெளியேறுவது என்பதை அவர் பல மாதம் யோசித்து வைத்திருப்பார். பணம், ரேஷன் கார்டு, பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருக்கலாம். நாம் முந்தினால் அடி அவருக்குத்தான் விழும். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டுமே நிலை மாறும். அப்போதும் 181, பாதுகாப்பு அலுவலர், தங்கும் இடம் எல்லாவற்றையும் அவரோடு சேர்ந்து திட்டமிடுங்கள்.

தற்கொலை எண்ணம் தெரிந்தால் நேராகக் கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சீங்களா?" கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. வழி யோசித்திருந்தால் தனியாக விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து, எலி பேஸ்ட், சாணிப் பவுடர் இருந்தால் அகற்ற ஏற்பாடு செய்யுங்கள். "உங்க வீட்டுல யாரை நம்புறீங்க?" என்று கேட்டு, அவர் சொல்லும் ஒருவரிடம் மட்டும், கூடவே இருந்து பார்த்துக்கொள்ளத் தேவையான அளவு மட்டும் சொல்லுங்கள். கடன், காதல், காரணம் எதையும் அந்த உறவினருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரகசியம் உடைக்க வேண்டி வந்தாலும் முழுக் கதையும் வெளியே போக அனுமதி கிடைத்துவிட்டதாக ஆகாது.

எச்ஐவி உள்ளவரின் துணைக்குச் சொல்வது பற்றிச் சட்டம் மருத்துவரையும் ஆலோசகரையும் மட்டுமே குறிப்பிடுகிறது. அவர்களும் ஆலோசனை, முன்னறிவிப்பு எல்லாம் முடித்த பிறகே சொல்லலாம். சொன்னால் எச்ஐவி உள்ளவர், குறிப்பாக அவர் பெண் என்றால், அடிபடுவார், கைவிடப்படுவார் என்று நியாயமான அச்சம் இருந்தால் சொல்லக் கூடாது. களப்பணியாளர் இதில் நேராக இறங்க இடமே இல்லை.

7. எழுதி வைப்பதும் பூட்டி வைப்பதும்

அன்றே எழுதுங்கள். குழந்தை சொன்னதை அவள் சொன்ன சொற்களிலேயே, மேற்கோள் குறிக்குள். "மன உளைச்சலில் இருந்தாள்" என்று எழுதாதீர்கள். "பேசும்போது இரண்டு முறை அழுதாள், கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்" என்று கண்டதை எழுதுங்கள். இந்தக் கோப்பை நாளை நீதிபதி படிக்கலாம், பயனாளியே கேட்டு வாங்கிப் படிக்கலாம். "பொய் சொல்கிறார் போலிருக்கிறது" என்ற உங்கள் ஊகத்தின் ஒரு வரி, அவர் வழக்கையே கவிழ்க்கும்.

கோப்பின் மேலட்டையில் பெயருக்குப் பதில் எண் இருக்கட்டும். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பதிவேடு வேறு அலமாரியில், வேறு பூட்டில்.

புதியவர்கள் கவனிக்காத இடம் ஜெராக்ஸ் கடை. பிரிண்ட் எடுக்க மருத்துவ அறிக்கையைக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டு, காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஆவணம் அந்தக் கணினியின் டவுன்லோடு ஃபோல்டரிலேயே கிடக்கும். கடைக்காரர் பயனாளியின் தெருக்காரராக இருப்பார். அலுவலகத்தில் பிரிண்டர் இல்லாவிட்டால் பென் டிரைவில் கொண்டுபோய், கண் முன்னால் எடுத்து, கழித்துப்போட்ட நகலையும் கேட்டு வாங்குங்கள்.

அலுவலக வாட்ஸ்அப் குழுவில் பெயர், முகம், ஊர், பள்ளி எதுவும் வேண்டாம். களப்பணி போய் வந்ததற்கு அத்தாட்சியாகப் படம் கேட்டால் வாசலையோ உங்கள் கையெழுத்துப் பதிவேட்டையோ எடுத்து அனுப்புங்கள்.

8. தகவல் கேட்டு வருபவர்கள்

யார் கேட்டாலும் முதல் பதில் ஒன்றே: "அப்படி ஒருவர் எங்களிடம் வருகிறாரா இல்லையா என்பதையும் நாங்கள் சொல்வதில்லை." பிறகு, காவல் துறை என்றால் எழுத்தில் கேட்கச் சொல்லி சூப்பர்வைசர் வழியாகக் கொடுங்கள், கேட்டதற்கு மேல் ஒரு தாள் கூடப் போகக் கூடாது. நீதிமன்ற உத்தரவு என்றால் நகல் வாங்கிக்கொண்டு கொடுங்கள், பயனாளிக்கும் தெரிவியுங்கள்.

நிருபருக்குக் குழந்தையின் பெயரோ, பள்ளியோ, பக்கத்து வீடோ, அடையாளம் காட்டும் எதுவுமோ கிடையாது. போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் இதைத் தடுக்கின்றன. முகத்தை மங்கலாக்கிவிட்டு அம்மாவின் முகத்தைக் காட்டும் படமும் அடையாளம் காட்டுவதுதான்.

நிதி கொடுப்பவர் "வெற்றிக் கதை" கேட்டால் இரண்டு மூன்று பேரின் விவரங்களைக் கலந்து எழுதுங்கள், அப்படிக் கலந்தது என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள். ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை மூன்றையும் மாற்றுங்கள். எழுதியதை உள்ளூர்ச் சக பணியாளர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, யாரென்று தெரிகிறதா என்று கேளுங்கள். தெரிகிறது என்றால் திருப்பி எழுதுங்கள்.

9. கோப்பை மூடும்போது

வேலை முடிந்தாலும், நீங்கள் வேறு நிறுவனத்துக்குப் போனாலும், பயனாளிக்கு முன்கூட்டிச் சொல்லுங்கள். அடுத்து வரும் பணியாளருக்கு எதையெல்லாம் சொல்லலாம் என்று கேளுங்கள். "அந்த விஷயம் மட்டும் அவங்களுக்குத் தெரிய வேண்டாம்" என்றால், பாதுகாப்புக்குத் தேவையில்லாதவரை அதை ஒப்படைப்புக் குறிப்பில் சேர்க்காதீர்கள். கோப்பில் இருக்கும் அசல் சான்றிதழ்களை அவரிடமே திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

களப்பயிற்சி மாணவர்கள் தங்கள் அறிக்கையில் பயனாளியின் உண்மைப் பெயரையும் ஆதார் நகலையும் சேர்த்துக் கட்டிக் கல்லூரியில் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் புத்தகம் வருடக்கணக்கில் துறை அலமாரியில் யார் கையிலும் படும்படி கிடக்கும். பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முன் பெயர், முகவரி, படம் மூன்றையும் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக உங்கள் சொந்த ஃபோன். பயனாளிகளின் எண்கள், அவர்கள் அனுப்பிய குரல் பதிவுகள், ஆவணப் படங்கள் அதில் இருக்கும். பராமரிக்க வேண்டியவற்றை அலுவலகக் கோப்புக்கு மாற்றி, மற்றதைக் கேலரியிலிருந்தும் கூகுள் போட்டோஸிலிருந்தும் வாட்ஸ்அப் பேக்கப்பிலிருந்தும் அழித்துவிட்டு, அழித்த தேதியைக் கோப்பில் குறித்துக் கையெழுத்திடுங்கள்.